சீட்டுக்கு அடியில் திருஷ்டித் தேங்காய்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பழைய கார் வாங்கினோம். முதல் பயணமாக ஜோகுபாளையத்திலிருந்து நந்தி மலைக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். "நல்லபடியா வீடு திரும்பினதும் வண்டிக்குச் சுத்தி உடைக்கலாம்" என்று என் மாமியார் ஒரு தேங்காயை, வண்டி ஓட்டும் என் கணவரின் சீட்டுக்கு அடியில் வைத்தார்.

மலையிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் 'கடகட'வென்று சத்தம் கேட்டது.

"என்னங்க, ஏதோ உருளுது?"

"பழைய வண்டின்னா அப்படித்தான். சும்மா பயப்படாதே" என்றார் கணவர். பின்சீட்டில் மகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வளைவில் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது.

"பிரேக் இறங்க மாட்டேங்குதுடி!"

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கமாக வண்டியை ஒடித்தார். பாறையில் உரசிக்கொண்டே போய் நின்றது. மறுபக்கம் பள்ளம். குனிந்து பார்த்தால், பிரேக் பெடலுக்குக் கீழே குங்குமப் பொட்டோடு அந்தத் தேங்காய்.

மாமியார் அதை எடுத்து அந்தப் பாறையிலேயே உடைத்தார்.

இப்போதெல்லாம் கார் கிளம்பும் முன் மாமியார் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவிப் பார்க்கிறார். சாமி கும்பிடுவது அதற்குப் பிறகுதான்.