இடமிருந்து வலம்

எங்கள் சங்கத்தில் ஒவ்வொரு பொங்கலுக்கும் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி வைப்பார்கள். தலைப்பு அநேகமாக உழவின் பெருமை. மண்வெட்டியைக் கடை அலமாரியில் மட்டும் கண்டிருக்கும் பிள்ளைகள், ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்கிய தமிழில் உழவனைக் கும்பிட்டுவிட்டு மேடையை விட்டு இறங்குவார்கள். தாய்மார் வீடியோ எடுப்பார்கள். முடிவுரையில் தலைவர், செய்யும் தொழிலே தெய்வம் என்பார். அதே தலைவரிடம் போன மாரியில் போய், நான் செய்த தொழிலைப் பற்றி நாலு வரி எழுதலாமா என்று கேட்டேன். தெய்வம் அன்றைக்குப் பார்த்து வெளியூர் போய்விட்டது.

விஷயம் இதுதான். நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரத்துக்குத் தெற்கே, விரி என்ற இடத்தின் களஞ்சியங்களைத் தாண்டி மோட்டார்வேயில் இன்னும் போனால் சிவப்பு மண் தொடங்கும். முன்பு அது தனிக் கவுண்டி, ஒரு சின்ன மாவட்டம் மாதிரி. வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளைந்த நாட்டுப்புறம். இப்போது நகரத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். தோட்டங்கள் பலவற்றில் வீடுகள் முளைத்துவிட்டன. அந்த வீடுகளில் எங்கள் சனமும் மோர்ட்கேஜ் கட்டிக்கொண்டு இருக்கிறது. அந்த ஊர் நூலகம், பழைய கவுண்டியை உருவாக்கிய மக்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்க நினைத்தது. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பலகை. படங்களும் கொஞ்சம் எழுத்தும் தரவேண்டும். கண்காட்சி முடிந்தாலும் பலகைகள் நூலகச் சுவரிலேயே இருக்கும் என்றார்கள். எங்கள் சங்கத்தையும் கேட்டிருந்தார்கள்.

நான் அந்தக் கவுண்டியில் வேலை செய்தவள். அகதியாக வந்த புதிதில், வெங்காயம் தரம் பிரிக்கும் பக்கிங் ஷெட்டில். என்னோடு இன்னொருத்தியும் இருந்தாள். அவள் ஊரில் கணக்கு ரீச்சர். நான் வங்கியில் இருந்தவள். எங்கள் சான்றிதழ்களை இங்கே யாரும் திரும்பியும் பார்க்கவில்லை.

விடியவே வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெரிய மரப்பெட்டிகளில் வந்த வெங்காயத்தைப் பெல்ட்டில் கவிழ்ப்பார்கள். அது உருண்டுகொண்டு வரும். அழுகியது, முளைவிட்டது, இரட்டையாய் ஒட்டியது, நடுவில் வரும் கல், எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறியவேண்டும். பெல்ட் நிற்காது. மூக்குக் கடித்தாலும் சொறிய நேரமில்லை. சருகு பறந்து தலைக்குள்ளும் சட்டைக்குள்ளும் போகும். வெங்காயம் வெட்டினால்தான் கண் எரியும் என்று நினைப்பவர்கள் அந்த ஷெட்டில் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்கவேண்டும். முதல் கிழமை நாங்கள் இரண்டு பேரும் பெல்ட்டைப் பார்த்தபடியே அழுதோம். எல்லோரும் வெங்காயத்தால் என்று நினைத்தார்கள், எங்களுக்கும் வசதியாகப் போயிற்று.

முதலாளியின் குடும்பம் தகப்பன் காலத்தில் குஜராத்திலிருந்து வந்து அந்த மண்ணில் குனிந்த குடும்பம். முதலாளியின் தாய் அந்த வயதிலும் பெல்ட்டுக்கு வந்து எங்களுக்கு நடுவில் நிற்பார். அவருக்கு எங்கள் மொழி தெரியாது, எங்களுக்கு அவர் மொழி தெரியாது. மத்தியானத்தில் என் கூட்டாளி புட்டு எடுப்பாள், நான் சம்பல் எடுப்பேன், அவர் மிளகாய் ஊறுகாய்ப் போத்தலைத் திறப்பார். அதற்கு மேல் கதைக்க என்ன இருக்கிறது?

ஊருக்குக் கடிதம் எழுதும்போது அவளுடைய கணவர் ஒரு வசனம் கண்டுபிடித்தார்: ஏற்றுமதிக் கொம்பனியில் வேலை. பொய் என்றும் சொல்ல முடியாது, அந்த வெங்காயம் கப்பலேறி ஐரோப்பாவுக்குத்தான் போனது. கடிதம் போய்ச் சேர்ந்தபோது அவள் அந்தக் கொம்பனியில் கணக்காளர். கொஞ்சக் காலத்தில் ஊர் அவளை மனேஜர் ஆக்கிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? படங்களும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலை கட்டிக்கொண்டு யாருடையதோ காரில் சாய்ந்து நின்று படம் எடுத்து அனுப்புவோம். அந்தக் காலத்தில் வந்த எல்லோரும் அதைத்தான் செய்தோம். ஷெட்டில் போடும் ரப்பர் கம்பூட்ஸோடு நின்ற படம் எங்கள் ஆல்பங்களில் ஒன்றுகூடக் கிடையாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த வேலை எங்களுக்கு வெட்கமாக இருந்தது, அது கடினம் என்பதால் அல்ல. யாழ்ப்பாணத்திலும் சிவப்பு மண்தான், வெங்காயம்தான். அவளுடைய தகப்பனுக்குத் தோட்டம் இருந்தது. அங்கே வெங்காயம் பிடுங்கிப் பிடி கட்டியவர்கள் கூலிக்கு வந்த பெண்கள். அவர்களுக்கு வீட்டுக்குப் பின்னால் வைத்துச் சிரட்டையில் தேநீர் ஊற்றுவார்களாம், அவளே சொல்லியிருக்கிறாள். இங்கே அந்தப் பெண்களின் இடத்தில் நாங்கள் நின்றோம். அந்த முழுப் பூசணிக்காயைத்தான் இன்றைக்கு வரைக்கும் சோற்றுக்குள் மறைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நூலகம் கேட்டது என்று தெரிந்ததும் நான் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். பக்கிங் ஷெட்டைப் பற்றி எழுதுவோம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கா, உதுகளை ஏன் இப்ப கிண்டுறியள்? எங்கட சனம் இஞ்ச டொக்டர், எஞ்சினியர் எண்டு தலை நிமிந்து நிக்குது. வெள்ளைக்காரர் வந்து பாக்கேக்க வெங்காயம் பொறுக்கின ஆக்கள் எண்டோ போடுறது?"

"பொறுக்கினதுதானே?"

"அது கொஞ்சக் காலம். வரலாறு எண்டா ஒரு பெருமை இருக்க வேணும்."

பலகையை வடிவமைக்க ஒப்புக்கொண்டிருந்த பையன் தமிழ்நாட்டுக்காரன், கணினி வேலை. அவன்தான் உருப்படியாக ஒன்றைக் கேட்டான்.

"ஆன்ட்டி சொல்றது நல்லாத்தான் இருக்கு சார். ஆனா போட்டோ இருக்கா ஆன்ட்டி? போட்டோ இல்லாம பேனல்ல ஒண்ணும் பண்ண முடியாதே."

படத்துக்கு நான் எங்கே போவேன்? யாருடையதோ கார்களின் படங்கள்தான் என்னிடம் இருந்தன. ஆனால் ஒரு ஞாபகம் இருந்தது. கடைசியாக வேலை செய்த நாளில் முதலாளியின் மனைவி எங்களைக் கூப்பிட்டு நிறுத்திப் படம் எடுத்தவர். அதைக் கேட்டு வாங்கலாமா என்று அறிய என் கூட்டாளியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். படத்தில் அவளும் இருக்கிறாள் அல்லவா, அவள் சொல்லாமல் நான் எப்படிக் கொடுப்பது? 

"உமக்கென்ன விசரே?" என்றாள். "என்ர சம்பந்தி வீட்டுக்காரர் அந்தப் பக்கம்தான் புது வீடு வாங்கியிருக்கினம். பேரப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அந்த லைப்ரரிக்குத்தான் போறவை. அவைக்கு நான் ஏற்றுமதிக் கொம்பனி."

"நாங்கள் என்ன களவே எடுத்தனாங்கள்?"

"களவெடுத்திருந்தாலும் ஒரு மாதிரிச் சொல்லிச் சமாளிக்கலாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மகளிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அம்மா, நோபடி கேர்ஸ்" என்றாள். ஒருத்திக்கு உயிர் போகிற வெட்கம், இன்னொருத்திக்கு அக்கறையே இல்லை, நடுவில் நான் தனியாக நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

கண்காட்சி திறந்த நாளில் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் சில நேரம் தோன்றுகிறது. முதலில் இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பலகை. நிலம் பறிபோன கதை, பிறகு அதே நிலத்தில் கூலிக்குக் கிழங்கு கிண்டி, தோட்டக் கொட்டில்களில் குடும்பம் குடும்பமாக இருந்த கதை, சினிமாக் கொட்டகையில் மேல்மாடிக்கு ஏற விடாத கதை. ஒன்றையும் ஒளிக்கவில்லை. கொட்டில் வாசலில் நின்ற குடும்பத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் சீனர்கள், முதுகு தெரியக் குனிந்து நிற்கும் ஒரு தகப்பனின் படம். சீனரும் இந்தியரும் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று வெள்ளைத் தோட்டக்காரர்கள் கூட்டம் போட்ட காலத்தைப் பற்றி அடக்கமாக நாலு வரி.

அடுத்தது நாங்கள். தேர்த் திருவிழா, பரதநாட்டியம், பட்டமளிப்பு உடுப்பில் மூன்று பிள்ளைகள். கல்வியாலும் பண்பாட்டாலும் உயர்ந்த சமூகம் என்று எழுதியிருந்தது. அந்தத் தேர் ஓடியது அந்தக் கவுண்டியிலேயே இல்லை. எங்கள் பலகையைப் பார்த்தால், நாங்கள் விமானத்தால் இறங்கி நேரே தேர் வடத்தைப் பிடித்தவர்கள்.

பெருமூச்சோடு இந்தியத் தோட்டக்காரர்களின் பலகைக்கு நகர்ந்தேன். அதன் நடுவில் நான் நின்றேன்.

அந்தப் படமேதான். ஷெட்டின் கதவுக்கு முன்னால் மூன்று பெண்கள், கம்பூட்ஸ், தலையில் கட்டிய துணி. நடுவில் முதலாளியின் தாய். வலப்பக்கம் நான். இடப்பக்கம் அவள், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, கையில் ஒரு வெங்காயத்தைப் பரிசுக் கிண்ணம் மாதிரித் தூக்கிப் பிடித்தபடி. கீழே எழுதியிருந்தது: பக்கிங் ஷெட்டில் எங்கள் பூட்டியும் அவருடைய மருமக்களும்.

முதலாளியின் பேரப்பிள்ளைகள் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எங்களை எப்படித் தெரியும்? பூட்டியோடு நிற்கும் மண்ணிறப் பெண்கள் வேறு யாராக இருக்க முடியும் என்று நினைத்திருப்பார்கள். அவர்களில் பிழையில்லை. எங்கள் சனம் எங்களை வேண்டாம் என்றது, இன்னொரு சனம் அறியாமலே எங்களை மருமக்களாக எடுத்துக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். நான் இரண்டும் செய்யவில்லை.

பிறகு கண்காட்சிக்குப் பொறுப்பான பெண்ணிடம் போய், அந்தப் படத்தில் இருப்பது நான் என்றேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அந்தக் குடும்பத்தோடும் கதைத்து உடனே திருத்தலாம் என்றார். படத்தைக் காட்டி, இடமிருந்து வலமாகப் பெயர்களைச் சொல்லுங்கள் என்றார்.

கடைசிப் பெயரில் தொடங்குகிறேன் என்று சொல்லி என் பெயரைச் சொன்னேன். நடுவில் இருப்பவரின் பெயர் குடும்பத்துக்குத் தெரியும் என்றேன். முதல் பெயருக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து அவளுக்குப் போன் எடுத்தேன்.

"நீர் ஒருக்கா வந்து பாரும்," என்றேன். "உம்மைக் குஜராத்தி மருமகளாக்கி வைச்சிருக்கினம்."

"அப்ப நல்லதாப் போச்சு. அப்பிடியே இருக்கட்டும்."

"நான் திருத்தச் சொல்லிப்போட்டன். உம்மட பேரைக் கேக்கினம்."

"என்ர பேரைச் சொன்னீரெண்டா," என்றாள், மெதுவாக, "இனி என்ர வீட்டு வாசல்படி மிதிக்க வேண்டாம்."

உள்ளே வந்தேன். அந்தப் பெண் பேனையோடு காத்திருந்தார். கண்காட்சியில் இருந்த எல்லோருடைய பெயர்களிலும் எனக்கு அதிகம் தெரிந்த பெயர் அது. ஒரே பெல்ட்டில் நின்று, ஒரே பெட்டியில் சாப்பிட்டு, அவளுடைய முதல் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து தாதிமாருக்கு நான் உச்சரித்துக் காட்டிய பெயர். தெரியவில்லை என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார். பக்கத்தில் நின்று வேலை செய்தவளின் பெயர்கூடத் தெரியாத பெண் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

புதிய வரி ஒட்டியாகிவிட்டது. இடமிருந்து வலம்: பெயர் தெரியவில்லை, முதலாளியின் தாய், நான். எங்கள் தலைவர் அதைப் பார்த்துவிட்டு என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவர் கதைக்காதது பெரிய நட்டமில்லை.

போன கிழமை ஒரு பின்னேரம் அவள் தானாகவே போன் எடுத்தாள். முழங்கால் வலி, மீன் விலை, யாரோ வீட்டுச் சாமத்தியச் சடங்கு என்று எல்லாம் கதைத்தாள். பிறகு சடாரென்று கேட்டாள்.

"அந்தப் படத்தில நான் எப்பிடி இருக்கிறன்?"

"சிரிச்சுக்கொண்டு நிக்கிறீர். தலையெல்லாம் சருகு."

"மெலிஞ்சு இருப்பன், என்ன?"

"ஓம். வடிவா இருக்கிறீர்."

"அந்த நேரத்துப் படம் உண்மையா ஒண்டும் என்னட்டை இல்லை," என்றாள். "எல்லாத்திலயும் ஆற்றையோ காரோடதான் நிக்கிறன். எனக்கு ஒரு கொப்பி எடுத்துத் தாருமன். ஆருக்கும் சொல்லாதையும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லைப்ரரியில போய்க் கேட்டா குடுப்பினம்," என்றேன். "அதில நிக்கிறது நான்தான் எண்டு சொல்லிக் கேளும்."

அவள் போனை வைத்துவிட்டாள். அந்தப் படத்தை நான் அன்றைக்கே என் போனில் எடுத்து வைத்திருந்தேன். ஒரு விரலால் தட்டினால் அவளுக்குப் போய்விடும். இன்னும் அனுப்பவில்லை.