சாய்ரோவுக்குப் போன ஒடியல்

1985 மார்ச் 14, வியாழன். ஐந்தரைக்கு எழுந்தேன். பூச்செடிகளுக்குத் தண்ணீர், செய்தித்தாள், மூன்று இட்லி. அலுவலகத்துக்கு விடுப்பு. வழக்கத்துக்கு மாறான வேலை ஒன்றுதான்: பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் எட்டு மணிக்குத் தண்ணீர் மாற்றுவது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி மார்த்தா, பொலிவியாவின் ஐமாரா இனத்தவள். கணவர் பெலிப்பே ஈயச் சுரங்கப் பொறியாளர். டெங்கிக் காய்ச்சலில் கிடந்த அவர் அன்று மருத்துவமனையிலிருந்து திரும்புகிறார். மூன்று நாட்களாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. கேட்டது சாய்ரோ மட்டும். இறைச்சியும் காய்கறியும் சேர்ந்த அவர்கள் ஊர் சூப். அதற்காக ஊறவைத்திருந்த கிண்ணத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவரை அழைத்துவரப் போயிருந்தாள்.

மூடியைத் திறந்தேன். கன்னங்கரேலென்று சுருங்கிய உருளைக்கிழங்குகள், ஈரமண் வாடை. பன்னிரண்டு வருடக் கோலாலம்பூர் ஈரத்தில் நான் கற்றது, கறுத்தது என்றால் அழுகியது. குப்பையில் கொட்டினேன். கிண்ணத்தைக் கழுவி, நல்ல கேமரன் மலை உருளைக்கிழங்குகள் நான்கைச் சமமாக வெட்டிப் போட்டேன்.

நண்பகலில் பெலிப்பேயோடு திரும்பிய மார்த்தா கிண்ணத்தைப் பார்த்தாள். கெட்டுப்போயிருந்ததை மாற்றிவிட்டதாக ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது சுன்யோ. மலைப்பனியில் உறையவைத்து, காலால் மிதித்து, வெயிலில் காயவைத்தது. அதன் நிறமே அதுதான். அம்மா அனுப்பியதில் கடைசி."

என் மனைவி செல்வி கிள்ளானில் பிறந்தவள். "நம்ம வீட்டு விறக யாராச்சும் இப்படி வீசியிருந்தா சும்மா விட்டுருப்பீங்களா? சொல்லுங்கலா!"

விறகு என்று அவள் கேலி செய்வது என் புழுக்கொடியலை. அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு. யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி அனுப்பியது. சண்டை மூண்டபின் பொட்டலம் எதுவும் வரவில்லை. ஞாயிறுதோறும் ஒரு துண்டு என்று மிச்சம் பிடித்திருந்தேன்.

டின்னோடு கொண்டுவந்து மார்த்தாவின் முன் வைத்தேன். ஒரு துண்டை மேசையில் தட்டினாள், முகர்ந்தாள், கடித்துப் பார்த்தாள்.

"இதற்கும் ஓர் இரவு ஊற வேண்டுமா?"

"ஆமாம்."

"இந்தத் தடவை நீங்கள் தொடாதீர்கள்," என்று சிரித்தாள்.

அன்று பெலிப்பே வெறும் இறைச்சிச் சாற்றில் மூன்று கரண்டி குடித்தாராம்.

மறுநாள் எழுந்ததும் செடிகளுக்குக்கூடத் தண்ணீர் ஊற்றாமல் அவர்கள் கதவைத் தட்டினேன். புழுக்கொடியல் ஊறிப் பருத்திருந்தது. மார்த்தா அள்ளிக் கொதிக்கும் சாற்றில் போட்டாள். ஆட்டிறைச்சியின் ஆவியோடு எங்கள் வீட்டுப் பனங்கிழங்கு மணம் எழுந்தது.

உள்ளறையிலிருந்து பெலிப்பேயின் குரல்: "சாய்ரோ?"

மார்த்தா என்னைப் பார்த்தாள்.

"சாய்ரோதான்," என்று நான் பதில் சொன்னேன்.