தம் போட்ட மண்

ஆம்பூர் பஜாரில் உரக்கடை வைத்திருந்த மஹபூப் பாஷாவுக்கு ஆயுளுக்கும் ஒரே விரோதிதான்: பூசணம். இளம் வயதில் தோல் தொழிற்சாலையில் வேலை. ஈரத் தோலில் பூசணம் பிடிக்காமல் மருந்து போடுவது அவர் பொறுப்பு. கப்பலேறும் தோலில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தால் முதலாளி முகத்தில் பத்துக் கரும்புள்ளி விழும். பல வருடம் அந்த முகத்தைக் காப்பாற்றியவர், முதுகு பிடித்துக்கொண்டதும் கடை போட்டார். விரோதி மட்டும் மாறவில்லை. தோலில் இருந்தவன் செடிக்கு வந்திருந்தான்.

தன் கடையில் கலப்படம் கிடையாது என்பது அவர் பெருமை. பஜாரில் எல்லாக் கடைக்காரர்களும் அப்படித்தான் சொன்னார்கள். பாஷா அதைத் தானும் நம்பினார்.

அந்த நம்பிக்கைக்கு 1997இல் சோதனை வந்தது. வந்த உருவம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஏசுராஜ். ஊருக்கு வெளியே அரை ஏக்கரில் கனகாம்பரம் போட்டிருந்தார். செடி வாடுகிறதா என்று பார்த்து மருந்து ஊற்றுகிறவர் அல்ல அவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை என்றால் திங்கட்கிழமை மருந்து. பாஷா கடையில் விற்ற பூசண மருந்தான வெள்ளைப் பொடியைக் கரைத்து, நான்கு வருடம் ஒரு வாரம் தவறாமல் வேரில் ஊற்றினார். நான்காவது வருடம் தோட்டம் ஓரத்திலிருந்து காயத் தொடங்கியது. இரட்டிப்பாக ஊற்றினார். இன்னும் வேகமாகக் காய்ந்தது.

ஒருநாள் மாலை டீக்கடையில் அவர் தீர்ப்புச் சொன்னார்: "பாய் விக்கிறது மருந்து இல்ல. கோலமாவு."

கடைசி பெஞ்சுவரை கேட்கப் பழகிய குரல் அது. ஒரே வாரத்தில் மஹபூப் பாஷா 'கோலமாவு பாய்' ஆகிவிட்டார். வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். போகும்போது, "வாசல்ல போட்டா எறும்பு வருமா பாய்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பாஷாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி நெல்வின், மோட்டார் பைக்கில் மாதம் ஒருமுறை வரும் பையன், விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"மருந்து நல்லாதான் இருக்கு பாய். அவரு மண்ணுல இருக்கற பாக்டீரியா அதைத் தின்னுடுது. ஒரே மருந்த வருஷக்கணக்கா ஊத்துனா, அதையே சாப்பாடாக்கிக்கற கிருமி பெருகிடும். பூசணத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள மருந்து காலி."

"இதை நான் வெளிய சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? கோலமாவைக் கிருமி தின்னுடுச்சாம்னு அதுக்கும் சிரிப்பானுங்க."

"லேபுல மண்ணை நீராவியில வேவ வெச்சி, கிருமியச் சாவடிச்சிட்டு சோதிச்சிப் பாப்பாங்க."

"நீராவியிலயா?" என்றார் பாஷா. அவர் பார்வை, கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுச் சமையலறைப் பக்கம் போனது.

அவர் மனைவி முனவ்வர் பேகம் வீட்டில் உருதுதான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

"என் தேக்சாவுல மண்ணா? பெருநாளைக்கு இன்னாத்துலங்க பிரியாணி ஆக்கறது?"

"புதுசு வாங்கித் தர்றேன்."

"அதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

ஏசுராஜின் தோட்டத்து மண் தேக்சாவில் ஏறியது. அடியில் தட்டு, தட்டுக்குக் கீழே தண்ணீர், ஓரத்தில் மைதா மாவு, மூடிமேல் தணல். இறக்கியதும் முனவ்வர் கைப்பழக்கத்தில் மண்ணை அள்ளி முற்றத்துப் பாயில் பரப்பிவிட்டார். குழைந்துவிடக் கூடாதே. நெல்வின் தலையில் கை வைத்தான்.

"அக்கா, தரையில இருக்கற கிருமியெல்லாம் திரும்ப உள்ள பூந்துடும்."

"இதுக்கு மேல இன்னா, பிரியாணிக்கு ஊத்தற மாதிரி தால்சாவும் ஊத்தணுமா?" என்றாலும் மறுபடி தம் போட்டார். இம்முறை ஆறும்வரை மூடியைத் திறக்கவில்லை.

சோதனை ஏசுராஜ் வீட்டு முற்றத்திலேயே நடக்கட்டும் என்று பாஷா சொல்லிவிட்டார். ஏசுராஜ் தேர்வு அதிகாரியாக மாறினார். முதல் தொட்டியில் வெந்த மண்ணும் மருந்தும். இரண்டாவதில் வேகாத மண்ணும் அதே மருந்தும். மூன்றாவதில் வெந்த மண், அதில் அசல் கோலமாவு. அது அவருடைய யோசனை.

"ரெண்டும் ஒண்ணுதானான்னு தெரியணும் இல்ல பாய்?"

"தாராளமா போடுங்க சார்."

கிருமி சாப்பிட அவகாசம் கொடுத்து மூன்று வாரம் விட்டார்கள். பிறகு வாடிய செடிகளின் வேரை நறுக்கி மூன்றிலும் கலந்து நல்ல நாற்று நட்டார்கள். அதன் பிறகு பாஷாவுக்குத் தினமும் காலையில் அந்தத் தெரு வழியாகத்தான் சைக்கிளில் வேலை இருந்தது. ஏசுராஜின் மனைவி தேவகிருபை கேட்டைப் பூட்டியே வைத்திருந்தார்.

"எட்டிப் பாக்காதீங்க பாய். மருந்து தெளிச்சிட்டீங்கன்னு இவரு அதுக்கும் சொல்லுவாரு."

முதலில் கோலமாவுத் தொட்டி தலை சாய்ந்தது. சில நாளில் வேகாத மண்ணில் இருந்த செடியும் படுத்தது. வெந்த மண்ணில் மருந்து குடித்தது மட்டும் நிமிர்ந்து நின்று மொட்டு விட்டது. ஏசுராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"உங்க மருந்து பாஸ், பாய்."

"டீக்கடையில வந்து சொல்லுங்க சார். அங்கதான ஃபெயில் ஆக்கனீங்க."

போனார். அதே குரலில், "பாய் மருந்து சுத்தம். என் மண்ணுதான் திருட்டு மண்ணு" என்றார்.

"மண்ணையும் திட்டாதீங்க சார்," என்றார் பாஷா. "வாரா வாரம் விருந்து வெச்சா எவன் சாப்பிடாம போவான்?"

கையோடு ஏசுராஜ் இரண்டு பாக்கெட் கேட்டார். பழக்கம் விடவில்லை. பாஷா தரவில்லை. ரெண்டு வருஷம் மருந்தை நிறுத்துங்க, கனகாம்பரத்தை எடுத்துட்டு கேழ்வரகு போடுங்க, கிருமி பட்டினி கிடக்கட்டும் என்று சொல்லி, தன் மிகச் சிறந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினார்.

டீக்கடையில் கேட்டவர்கள் மறுநாள் கடைக்கு வந்தார்கள். எத்தனை வருஷமா ஒரே மருந்து ஊத்தறீங்க என்று பாஷா ஒவ்வொருவரையும் விசாரித்தார். பாதிப்பேர் வெறுங்கையோடு போனார்கள்.

புதுத் தேக்சாவைத் துலக்கிக்கொண்டிருந்த முனவ்வர் கேட்டார்: "வர்றவங்களை எல்லாம் மருந்து வேணாம்னு அனுப்பிட்டா, கடைய எதுக்கு தொறந்து வெச்சிருக்கீங்க?"

"போர்டுல என் பேரு இருக்குது இல்ல," என்றார் பாஷா, இரண்டாவது தட்டுச் சோற்றைப் பிசைந்தபடி. "படிச்சிட்டுப் போவட்டும்."