காணிப்பாக்கத்துக் குளத்தில் நான் செய்யாத சத்தியம்

திருப்பதியில் எங்கள் வீட்டிலிருந்து பால் வாங்கப் போகும் தூரம் ஏழு நிமிட நடை. அந்த ஏழு நிமிடத்துக்குள் தினமும் யாராவது ஒரு ஆட்டோக்காரர் வண்டியை என் பக்கம் ஒதுக்கி, "தர்சனம் அயிந்தா சாமி?" என்று கேட்டுவிடுவார். தரிசனம் முடிந்துவிட்டதா என்பது கேள்வி. வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் துணிப்பை. பார்ப்பவர்களுக்கு நான் தமிழ்நாட்டிலிருந்து மலைக்கு வந்த யாத்ரீகன். "இன்கா காலேது," இன்னும் ஆகவில்லை என்று தெலுங்கில் சொல்வேன். அவரோ உடனே தமிழுக்கு மாறி, "மேல போய் வர நல்ல வண்டி சாமி, பேரம் வேணாம்" என்பார். அறுபது வருடத்துக்கு மேலாக இந்த ஜில்லாவில் இருக்கிறேன். ஓட்டு இங்கே, ரேஷன் கார்டு இங்கே, பிள்ளைகள் படித்ததும் இங்கே. இருந்தும் என் தெலுங்கை ஒரு ஆட்டோக்காரரும் இதுவரை நம்பியதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்களுக்கும், என்னைப் போல இந்தப் பக்கம் தங்கிவிட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் கடல் தாண்டிப் போனவன் அல்ல. திருத்தணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பள்ளி இறுதி முடித்து, சித்தூரில் ரெவின்யூ குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். நான் ஊரைவிட்டுப் போனேனா, ஊர் என்னைவிட்டுப் போனதா என்பதை இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்த விஷயம் அது இல்லை. என் மனைவி அலமேலுவுக்கு நான் செய்த ஒரு தீங்கைத்தான் எழுத வேண்டும்.

அலமேலு நாராயணவனத்துக்காரி. அவர்கள் வீட்டில் நெல்லும் கரும்பும் விளைந்தன. புத்தூரில் தமிழ் வகுப்புக்கு டீச்சராக இருந்தாள். ஆபீஸ் வேலையாகப் புத்தூர் போனபோது பள்ளிக்கூடக் கணக்கெடுப்பில் அவளைப் பார்த்தேன். "உங்க கையெழுத்து நல்லா கீது, ஆனா கூட்டல் தப்பு" என்பதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். பிடித்துப்போயிற்று. இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்க ஒரு வருடம் ஆனது. அந்தச் சமயத்தில்தான் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. எந்த ராஜ்யத்தில் வேலை பார்க்க விருப்பம், சென்னையா ஆந்திராவா என்று எங்களிடம் எழுதிக் கேட்டார்கள். அலமேலுவின் வேலை புத்தூரில் இருந்ததால் ஆந்திரா என்று எழுதினேன். எழுதியதைக் கிழித்துச் சென்னை என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். நாலாவது தாளில் ஆந்திரா என்று முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது ஒரு கேள்வி என்னோடு படியிறங்கியது. இவளுக்காக ராஜ்யத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறேனே, எனக்கு இவள்மேல் இருப்பது உண்மையான பிரியம்தானா?

அதன் பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கல்யாணம் ஆகி சித்தூரில் குடித்தனம் வைத்தோம். அவளும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போது என் மனசையே உற்றுப் பார்ப்பேன். ஏதாவது அசைகிறதா? அசையவில்லை என்றால் பயந்து தட்டைத் தள்ளிவைப்பேன். அசைந்தால், அது நிஜமா, நானாக அசைத்ததா என்று சந்தேகம். பிறகு கேள்வி திசை மாறி அவள் பக்கம் போகும். "என்னை உனக்கு நெஜமாவே புடிச்சிருக்குதா?" என்று கேட்பேன். "புடிச்சிருக்குதுங்க" என்பாள். அந்தப் பதிலால் கிடைக்கும் நிம்மதி, ஊற்றி வைத்த காபி ஆறுவதற்குள் போய்விடும். "நேத்து சொன்னப்ப சிரிச்சிக்கினு சொன்னியே, இன்னிக்கி ஏன் சிரிக்கல?" என்று மறுபடியும் ஆரம்பிப்பேன். முதலில் கேலி செய்தாள். "எங்க கிளாஸ்ல ஒண்ணாங் கிளாஸ் பசங்க கூட ஒரு கேள்விய ரெண்டு தடவைக்கு மேல கேக்காதுங்க." அப்புறம் பொறுமையாகச் சொன்னாள். அப்புறம் அழுதாள். அழுகிறாளே, அப்படியென்றால் பிடிக்கவில்லையா என்று அதையும் கேட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆபீசில் என் வேலையே சந்தேகம் தீர்ப்பதுதான். எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்தது. எந்த ஊரில் தமிழ் எவ்வளவு, தெலுங்கு எவ்வளவு என்று கிராமம் கிராமமாக ஜாபிதா, அதாவது பட்டியல், தயாரித்தோம். நகரி பக்கத்தில் ஒரு விவசாயியிடம் வீட்டுப் பாஷை என்ன என்று கேட்டேன். "பொண்டாட்டிகிட்ட தமிழு, சந்தையில தெலுகு, மாட்டுகிட்ட ரெண்டும். மாடு எதுக்கு நகருதோ அத்த எழுதிக்கோ சாமி" என்றார். நான் சிரித்துவிட்டு ஒரு பாஷையை எழுதி அடுத்த வீட்டுக்குப் போனேன். இரண்டும் கலந்த ஆயிரம் வீடுகளை ஒரு கோட்டுக்குள் எழுத முடிந்த எனக்கு, என் ஒரு வீட்டில் இருந்ததை நம்ப முடியவில்லை.

ஆபீசில் தெலுங்குக்காரரான ஹெட் கிளார்க் ஒருவர் இருந்தார். பெரிய மனசுக்காரர். நான் மெலிந்துபோவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் காரணம் கேட்டார். மனைவி விஷயத்தில் ஒரு சந்தேகம், தூக்கமில்லை என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏமய்யா, யாரு அவன்? ஸ்கூல்லயா?" என்றார். அவருக்குத் தெரிந்த வரையில் பெண்டாட்டிமேல் புருஷனுக்கு வரக்கூடிய சந்தேகம் ஒன்றே ஒன்றுதான். அந்த நிமிடத்தில் நான் மறுத்திருக்க வேண்டும். இல்லை சார், அவள் தங்கம், கோளாறு என் தலைக்குள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பைத்தியக்காரன் என்று பெயர் வாங்குவதைவிடச் சந்தேகப்படும் புருஷன் என்ற பெயர் எனக்குச் சௌகரியமாக இருந்தது. என் மௌனத்தை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். "காணிப்பாக்கம் எதுக்கு இருக்குது? கூட்டிட்டுப் போ. பிள்ளையார் முன்னாடி ஒரு சத்தியம். அந்தே, அவ்ளோதான். உனக்கும் நித்ர வரும்."

சித்தூர் ஜில்லாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் யாரும் பொய் சொல்லத் துணிய மாட்டார்கள். கோர்ட்டில் தீராத வழக்கும் அங்கே தீரும். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு போய்ச் சன்னிதியில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிராளி ஒத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். ஆடு திருடவில்லை என்றும் வரப்பை நகர்த்தவில்லை என்றும் சத்தியம் செய்கிற அந்த இடத்துக்கு, என்னைப் பிடிக்கும் என்று சொல்ல வைப்பதற்காக என் மனைவியைக் கூட்டிப்போனேன்.

அலமேலு வரமாட்டேன் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். குளத்தில் இரண்டு பேரும் இறங்கினோம். அவள் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தாள். கரையில் துணி பிழிந்துகொண்டிருந்த ஒரு அம்மாள், "இன்னாம்மா, வூட்டுக்காரரு சந்தேகப்பட்டு இட்டாந்துட்டாரா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா," என்றாள் அலமேலு. "அவருக்கு அவரு மேலயே சந்தேகம். துணைக்கி என்னையும் இட்டாந்துகிறாரு."

பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினாள். கோபமே இல்லை, வகுப்பில் பேசுகிற குரல். "இன்னான்னு சத்தியம் பண்ணணும்? நீங்களே சொல்லுங்க. வாய்ப்பாடு மாதிரி அப்படியே ஒப்பிக்கிறேன்."

"என் மேல... நெஜமான பிரியம் கீதுன்னு."

"பண்றேன். அதுக்கு முன்ன நீங்க முழுவி எழுந்து ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாளைக்கிக் காலையில இதே கேள்விய மறுபடி கேக்கமாட்டேன்னு. அத்தச் சொல்லிட்டீங்கன்னா நான் ஒண்ணில்ல, நூறு சத்தியம் பண்றேன்."

இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எதிரே கோபுரம் தெரிந்தது. அந்தப் பிள்ளையாரிடம் பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நாளைக் காலை கேட்பேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், அன்றைக்குச் சந்தேகமே இல்லாமல் அறிந்திருந்த ஒரே விஷயம் அதுதான். அவள் எந்தச் சத்தியம் செய்தாலும், எந்தச் சாமியே இறங்கி வந்து சொன்னாலும், நான் கேட்பேன். அப்படியானால் குறை அவள் பதிலில் இல்லை. அவள் சொன்ன பதில்கள் எல்லாமே நல்ல பதில்கள். கேட்ட வாயில்தான் நோய்.

அலமேலு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு முந்தானையைப் பிழிந்துகொண்டு கரையேறினாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு எழுதிக் கொடுத்தாள்; அவள் தம்பி வந்து நாராயணவனத்துக்குக் கூட்டிப்போனான். புறப்படும்போது வாசலில் நின்று சொன்னாள். "ஞாயித்துக்கெழம வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. கேள்விய வுட்டுட்டு வரமுடியலன்னா கூடவே கொண்டாங்க. ஆனா என் கையில குடுக்காதீங்க. கொண்டாந்தத நீங்களே எடுத்துக்கினு போவணும். அது முடிஞ்சா நான் வரேன். முடியலன்னா வரல."

முதல் ஞாயிற்றுக்கிழமை கால் கழுவிச் சாப்பிட உட்காரும் முன்பே கேட்டுவிட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள், வெளியே வரவில்லை. மச்சான்தான் சோறு போட்டான். "கேட்டுட்டீங்களா மாமா? ஒங்களுக்காக ஒரு கோழி அநியாயமா செத்துச்சே. சரி, துன்னுட்டுக் கெளம்புங்க. அடுத்த வாரம் கத்திரிக்காதான், தோத்தாலும் நஷ்டமில்ல." இரண்டாவது வாரமும் தோற்றேன். கத்திரிக்காய்தான். மூன்றாவது வாரம் சாப்பிட்டேன், மாமனாரோடு கரும்பு வெட்டு பற்றிப் பேசினேன், எழுந்து கிளம்பினேன். கேட்கவில்லை. புத்தூர் ரோட்டில் நடக்கும்போது கேள்வி என்னை நெருக்கிக்கொண்டே வந்தது. திரும்பி ஓடிப்போய் ஒரே ஒரு தடவை கேட்டுவிடலாமா என்று இரண்டு இடத்தில் நின்றேன். ஆற்றைக் கடந்து கொஞ்ச தூரம் வந்த பிறகு கவனித்தேன். நான் கேட்கவில்லை, யாரும் பதில் சொல்லவில்லை, இருந்தும் அந்த நெருக்கல் தானாகத் தளர்ந்திருந்தது. போகவில்லை, தளர்ந்திருந்தது. அப்படியும் நடக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்படிப் பல ஞாயிறுகள் போயின. நடுவில் எல்லைத் தகராறு முடிந்து, திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு என்று தீர்ப்பாயிற்று. புத்தூரும் நாராயணவனமும் சித்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. ஊரிலிருந்து எங்கள் நைனா, என் அப்பா, சித்தூருக்கே வந்துவிட்டார். "ஊரு அங்க, நெலம் அங்க. மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டு அவளையும் இட்டுக்கினு வந்துடுடா. பொண்டாட்டி ஒரு ஊரு, நீ ஒரு ஊருன்னு இன்னா குடித்தனம் இது? ரெண்டு பேரும் பாஸ்போர்ட்டு வாங்கிக்கினு படுப்பீங்களா?" என்றார். ஆபீசில் மறுபடியும் ஒரு தாள் என் முன்னால் வந்தது. வழக்கம்போல எல்லாக் கேள்விகளும் வந்து சூழ்ந்தன. அவை ஓயட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. இங்கேயே இருக்கிறேன் என்று ஒரே தடவையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சந்தேகம் தீர்ந்து போட்ட கையெழுத்து இல்லை. சந்தேகத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போட்டது. அந்த ஞாயிறு அலமேலுவிடம் சொன்னேன். "எத்தினி தாள் கிழிச்சீங்க?" என்றாள். ஒன்றும் கிழிக்கவில்லை என்றேன். உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியை இழுத்துக் கூடத்தில் வைத்தாள்.

பல வருடம் கழித்து வேலூரில் ஒரு டாக்டர் இதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரையும் கொடுத்தார். இது மனசு செய்யும் ஒரு நோய், பதில் சொல்லச் சொல்ல வளரும் என்றார். அலமேலு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது பழைய பாடம். இதைப் படிப்பவர்களில் யாராவது தன் பக்கத்தில் இருப்பவரைத் தினமும் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால், அவரைக் கேட்பதை விட்டுவிட்டு ஒரு டாக்டரைப் போய்க் கேளுங்கள். எனக்கு இந்த வழி தாமதமாகத் தெரிந்தது.

ஒரு கணக்கு மட்டும் நேராகவில்லை. அந்த ஹெட் கிளார்க்கிடம் நான் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. அவர் வீட்டில் சொல்லி, அது அலமேலுவின் பள்ளிக்கூடம் வரை போய், அவள் சித்தூருக்குத் திரும்பிய பிறகு ஒரு வருடம் சக டீச்சர்கள் அவளோடு சாப்பிட உட்காரவில்லை. இதை முப்பது வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். என் மனைவிமேல் எனக்கு ஒருநாளும் அந்தச் சந்தேகம் இருந்ததில்லை. அவளுக்கு வந்த கெட்ட பெயர் என் மௌனத்தால் வந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு ஒவ்வொரு வருடமும் திருத்தணி போகிறோம். இந்த வருடமும் போனோம். நகரி தாண்டியதும் அலமேலு வழக்கம்போல என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சாலையின் ஓரிடத்தில் கடைப் பலகைகளில் தெலுங்கு நின்று தமிழ் தொடங்குகிறது. நடுவில் கொஞ்ச தூரத்துக்குப் பலகையே இல்லை, கரும்பும் மாந்தோப்பும்தான். அந்த இடத்தில் நான் எந்த ஊர்க்காரன் என்று எனக்குத் தெரியாது. அங்கேதான் அந்தப் பழைய கேள்வியும் வந்தது. எண்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகியும் அதற்கு வழி மறக்கவில்லை. இவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, எனக்கு இவளை? வரட்டும் என்று இடம்விட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஏ ஊரு தாத்தா?" என்று தெலுங்கில் ஊரைக் கேட்டார். அவள் விழித்துக்கொள்ளப் போகிறாளே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். பஸ் போய்க்கொண்டிருந்தது. தோள் மரத்துப்போயிருந்தது. நான் அசையவில்லை.