பிராகுக்கு நான்கு நாள்

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சுனந்தா இதுவரை பதினோரு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எல்லோருக்கும் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவாள். "குறிப்புல அப்புறம், கொஞ்சம் கழிச்சின்னுலாம் எழுதாத. மணியை எழுது."

அவள் வேலை பார்த்த கடைசி வீடு, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்துப் பக்கம் இருந்தது. அங்கே படுக்கையில் கிடந்த அம்மாள் பிராக் நகரத்துக்காரி. தன் ஊரின் பழைய கடிகாரப் படத்தைத் தலைமாட்டில் ஒட்டி வைத்திருந்தாள். இரண்டு வருடம் அந்தப் படத்தைத் துடைத்துத் துடைத்தே சுனந்தாவுக்கு அந்த ஊரைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் த்ரிசலா ஜூன் மாதத்தில் நான்கு நாள் திட்டம் போட்டாள். கடிகாரம், கோட்டை, கல் பாலம், ஆற்றில் படகு, படகிலேயே ராச்சாப்பாடு.

"ராத்திரி நான் எங்கடி சாப்பிடறேன்?" என்றாள் சுனந்தா. பொழுது சாய்ந்தபின் உண்ணாத சமணக் குடும்பம் அது.

"அங்க ஜூன்ல ஒன்பது மணிக்குத்தாம்மா பொழுது சாயும்."

"அப்ப பொழுது போனா ஒரு வாய் வாங்காத உங்கப்பாவ அங்கயே குடிவெச்சிடலாம்."

அப்பாதான் சிக்கல். குணபாலனுக்கு எழுபது வயது. மறதி நோய் முற்றி, மனைவி பெயரே சில நாள் நினைவிருக்காது. சர்க்கரைக்கு இரண்டு வேளை ஊசி வேறு. அவரைப் பார்த்துக்கொள்ளக் கீழ்பென்னாத்தூரிலிருந்து தனம் வந்தாள். சுனந்தாவின் வேங்கிக்கால் வீட்டில் ஒரு வாரம் பகலெல்லாம் கூடவே இருந்து பழகினாள். மாலை ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள்.

விசாவுக்குக் கைரேகை வைக்க ஏப்ரலில் சுனந்தா சென்னைக்குப் போனாள். தனம் முழு நாளும் தனியாக இருப்பது அன்றுதான் முதல் தடவை. செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுத்தான் சுனந்தா கிளம்பினாள்.

திரும்பி வரும்போது பஸ் செஞ்சியைத் தாண்டியதும் போன் வந்தது. மணி ஏழே முக்கால்.

"அக்கா, ஐயா வாயத் தொறக்க மாட்டேன்றாரு. ஏழு மணிக்கு ஊசி போட்டுட்டேன். இட்லி வெச்சா தட்டிவுடறாரு. வேர்த்து ஊத்துது."

"அஞ்சரைக்குச் சாப்பிட்டாரா?"

"அப்ப சோறு கேட்டாரு. இப்பத்தான பால் குடிச்சீங்க, நேரம் ஆவட்டும்னேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசின்னுதான நீங்க எழுதியிருக்கீங்க?"

ஆமாம், அப்படித்தான் எழுதியிருந்தாள். அவள் வீட்டில் இரவுச் சாப்பாடு என்றால் ஐந்தரை மணி. ஊர் முழுக்க அது எட்டு மணி என்பது அவளுக்கு நினைவிலேயே இல்லை.

"மிஷின்ல சர்க்கரை பாரு."

"ஐம்பத்தெட்டுக்கா. சர்க்கரைத் தண்ணியும் துப்புறாரு. தேன் இருக்குதா, நாக்குல தடவறேன்?"

"எங்க சமயத்துல தேன் ஆகாது, வீட்ல வெக்கமாட்டோம். அலமாரில குளுக்கோஸ் டப்பா இருக்கு. ஒருக்களிச்சிப் படுக்கவை. பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவுல கொஞ்சம் கொஞ்சமா தடவு. கடிச்சாலும் விடாத. கூப்பிட்டா பதில் வரலன்னா உடனே நூத்தெட்டுக்குப் போன் போடு. போனை வெச்சிடாத."

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. போனில் அவர் திட்டுவது கேட்டது. திட்டும் வரைக்கும் பயமில்லை என்று அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். கால் மணி நேரம் கழித்து எழுபத்தாறு என்றாள் தனம்.

"நிறுத்தாத. இன்னொரு தடவை தடவு. மறுபடி பாரு."

வீட்டுக்குள் நுழைந்தபோது நூற்றுப்பத்து இருந்தது. தனம் கைவிரலில் துணி சுற்றியிருந்தாள். "என்னால ஆவாதுக்கா" என்று அழுதாள்.

"தப்பு என்னுது. விரலைக் காட்டு" என்று மருந்து போட்டாள் சுனந்தா.

குணபாலன் கட்டிலில் சாய்ந்தபடி அவளை யாரோ போலப் பார்த்தார். "இந்தப் பொண்ணு பொழுது போனப்புறம் எனக்கு ஊட்டுதும்மா. என் வீட்டுக்காரி வந்தா சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றாள் சுனந்தா.

கைரேகை வைத்தாயிற்றா என்று கேட்க த்ரிசலா கூப்பிட்டாள். "வெச்சாச்சு. ஆனா ஜூன்ல வரல" என்று சொல்லி, நடந்ததையும் சொன்னாள். "தனத்தைத் தினமும் எட்டு மணி வரைக்கும் இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். அவ தேறட்டும். செப்டம்பர் கடைசில பாப்போம்."

"அப்ப சீக்கிரம் இருட்டிடும்மா. படகுல சாப்பாடு கிடையாது."

"மத்தியானமே ஜாஸ்தியா சாப்பிட்டுக்கறேன்."

போனை வைத்துவிட்டு ஃப்ரிட்ஜில் இருந்த தாளைக் கிழித்துப் போட்டாள். புதுத் தாளில் எழுதினாள்: மாலை 5.15 ஊசி. 5.30 சாப்பாடு. பொழுது போன பிறகு சர்க்கரை இறங்கினால் கன்னத்தில் குளுக்கோஸ். திட்டுவார். கடிப்பார். விடாதே.