ஒரு செல் இரண்டானதைப் பார்த்தேன்!

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு லேபில் நின்றுகொண்டு விசிலடிக்காத குறையாகக் குதித்தேன். எதற்கு? கண்ணுக்கே தெரியாத ஒரு செல் இரண்டாகப் பிரிந்ததற்கு!

கொண்டாப்பூரில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருப்பவள் ஜாஸ்மின். நாகர்கோவில் பெண். கணவர் சாஃப்ட்வேர் — எங்கள் அபார்ட்மென்ட்டில் அதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். ஜாஸ்மின் மட்டும் பி.எச்டி. மாணவி. சனிக்கிழமை மாடிப்படியில் பார்த்தபோது முகமே சரியில்லை.

“நாளைக்கு என் எக்ஸ்பெரிமென்ட்டுக்குக் கடைசி சான்ஸ் அக்கா. ஏற்கெனவே ரெண்டு தடவை சொதப்பிட்டு. இதுவும் போச்சுன்னா தீசிஸ்ல அந்த சாப்டரையே தூக்கிருன்னு கைடு சார் சொல்லிட்டாரு. நீங்களும் கூட வாறீங்களா? தனியா இருந்தா அழுதுருவேன்.”

பிளஸ் டூவோடு பயாலஜிக்குப் பெரிய கும்பிடு போட்டவள் நான். இருந்தாலும் கிளம்பினேன்.

லேபில் இன்னொருவர் மோகன், அவளுடைய ஜூனியர். செகந்திராபாத் ரயில்வே காலனியில் மூன்றாவது தலைமுறைத் தமிழர். “வாங்கக்கா! சாய்… ஹவ்வா, நக்கோவா?” என்றுதான் வரவேற்றார். டீ வேணுமா, வேண்டாமா என்று அர்த்தம். ஹவ் என்றேன்.

மைக்ராஸ்கோப்பின் அடியில் ஒரு தட்டு. அதில் மனித செல்கள். கம்ப்யூட்டர் திரையில் கறுப்புப் பின்னணி, நடுவே பளபளவென்று ஒரு வளையம்.

“இதுதான் க்ரோமோசோம். இப்படி வட்டமா நிக்கக் கூடாது அக்கா. வரிசையா நின்னு ரெண்டு பக்கமும் சரிபாதியா போகணும். நான் போட்ட மருந்து, செல்லை மாட்ட வச்சிருக்கு.”

எப்படி மாட்ட வைக்கும்? ஜாஸ்மின் இரண்டு பென்சில்களை முனைகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். செல் பிரியும்போது உள்ளே இப்படி நுண்ணிய இழைகள் உண்டாகுமாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு புரதம். பெயர் கைனசின்-5. நீளமான தண்டு, தண்டின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கால்கள். இந்த முனைக் கால்கள் ஓர் இழையில் நடக்கும், அந்த முனைக் கால்கள் இன்னொன்றில் எதிர்த் திசையில் நடக்கும். நடக்க நடக்க இழைகள் விலகும், செல்லின் இரு துருவங்களும் தள்ளிப்போகும்.

புரதம்… நடக்கிறது! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“நெசமாவே நடக்குமா?”

“நடக்கும் அக்கா! காலுக்கு எரிபொருள் வாங்குற இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பள்ளம் இருக்கு. என் மருந்து அதுல போய் உக்காந்துரும். அப்புறம் அடி எடுத்து வைக்க முடியாது. கேன்சருக்கு இப்ப குடுக்குற சில மருந்து அந்த இழையையே பிடிக்கும். நரம்புலயும் அதே இழைதான், அதான் விரலெல்லாம் மரத்துப் போகுது. இந்தப் புரதத்தை மட்டும் நிறுத்த முடிஞ்சா நரம்பு தப்பிச்சிரும்.”

அதற்கு முன்னால் இன்றைய சோதனை தேற வேண்டும். மருந்தைக் கழுவி எடுத்தால் செல் மறுபடி கிளம்ப வேண்டும். அப்போதுதான் மருந்து செல்லைக் கொல்லவில்லை, அந்த நடையை மட்டும்தான் நிறுத்தியது என்று சொல்ல முடியும். முந்தைய இரண்டு முறையும் செல்கள் கிளம்பவே இல்லை.

கழுவினாள். புதுத் திரவம் ஊற்றினாள். காத்திருந்தோம். வளையம் அப்படியே இருந்தது. சாய் ஆறியது. தயிர்சாதம் காலியானது. வளையம் அசையவில்லை.

“இது நக்கோக்கா, வேற தட்டு பாக்கலாம்” என்றார் மோகன்.

“இதேதான். இரு” என்றாள் ஜாஸ்மின்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது! ஜெனரேட்டர் உடனே வந்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர் அணைந்து, மெதுவாக… மிக மெதுவாக… மறுபடி உயிர்பெற ஆரம்பித்தது. மோகன் கீபோர்டைத் தட்டித் தட்டித் தெலுங்கில் திட்டினார். ஜாஸ்மின் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

“அக்கா…”

“என்ன?”

“வளையத்தக் காணும். வரிசை கட்டிட்டு!”

நானும் எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒளிக்கோடு, நேராக, நிதானமாக. ரெக்கார்டிங் திரும்பவும் ஓடத் தொடங்கியது. திடீரென்று அந்தக் கோடு இரண்டு கோடானது! விலகியது. இன்னும் விலகியது. நடுவில் செல் இடுப்பு சுருங்கி… இரண்டு! ஜாஸ்மின் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. “ஹவ்! ஹவ்!” என்று மோகன் நாற்காலியோடு சுற்றினார். நான் குதித்தது அப்போதுதான்.

கேமரா தவறவிட்ட பகுதி? பக்கத்துச் செல்கள் சோம்பேறிகள், பிறகுதான் கிளம்பின. அவற்றை முழுசாகப் பிடித்துவிட்டோம்.

வீடு திரும்பும்போது டிராஃபிக்கில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குள்ளும் இப்போது எங்கோ அந்தக் குட்டிக் கால்கள் நடந்துகொண்டிருக்கும். வார இறுதியில் நான் எதையுமே செய்வதில்லை என்கிறார் என் மேனேஜர். உள்ளே எத்தனை பேர் ஓவர்டைம் பார்க்கிறார்கள் என்று அவருக்கு என்ன தெரியும்?

திங்கட்கிழமை சார் படத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தாராம். சாப்டர் இருக்கட்டும் என்றாராம். சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் நின்றபடியே ஜாஸ்மின் ஊருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

“எம்மா! கடைசில ரெண்டாப் பிரிஞ்சாச்சும்மா!”

அந்தப் பக்கம் அம்மாவின் குரல் பதறியது: “என்ன மக்ளே சொல்லுக? நீ ஒண்ணும் பேசாண்டாம்… மாப்பிள்ளைட்ட போனைக் குடு!”