கட்டாரிலிருந்து வந்த கறுவா

கறுவா விளைகிற நாட்டில் இருந்துகொண்டு, பாலைவனத்திலிருந்து வந்த கறுவாவை அவித்துக் குடித்தவள் நான். சொன்னால் கல்முனைச் சந்தையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என் ஒரே மகள் புருஷனோடு கட்டாரில் இருக்கிறாள். எனக்குச் சீனி வருத்தம் கூடிவிட்டது என்று கேள்விப்பட்டதும், லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் பெரிய பை நிறையக் கறுவாப்பட்டை கொடுத்தனுப்பினாள். நம் கடைக் கறுவாவில் மெல்லிய தோல்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், கையாலேயே நொறுக்கலாம். இதுவோ ஒற்றைத் தோல், விறகுத் துண்டு மாதிரித் தடிப்பு. அம்மிக் குழவியால் இடித்துத்தான் உடைத்தேன். தடித்திருந்தால் சத்தும் கூட என்று என் புத்திக்குப் பட்டது. அதோடு மகள் ஆசையாக அனுப்பியது. கைநிறைய அள்ளிப் போட்டு, தண்ணீர் பாதியாக வற்றும்வரை அவித்து, காலையும் மாலையும் மூன்று மாதம் குடித்தேன்.

கிளினிக்கில் இரத்தச் சோதனையைப் பார்த்த பெண் டொக்டர், ஈரல் கொஞ்சம் பழுதாகிற குறி தெரிகிறது என்றார்.

"வேற என்ன மருந்து பாவிக்கிறீங்க உம்மா?"

"ஒண்டும் இல்ல."

"நாட்டு மருந்து, கஷாயம்?"

"அல்லாஹ் அறிய ஒண்டும் இல்ல டொக்டர்."

பொய்யில்லை. குசினிச் சாமானை மருந்தென்று யார் நினைப்பார்? பிறகு பெருமைக்காகத்தான் வாயைத் திறந்தேன். "மகள் அனுப்பின கறுவாத் தண்ணி மட்டும் குடிக்கிறன்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். பட்டை எவ்வளவு தடிப்பு என்று கேட்டார். அது வேறு மரத்தின் பட்டை, கறிக்கு ஒரு துண்டு போட்டால் பரவாயில்லை, அதில் கூமரின் என்றொரு சாமான் கூடுதலாக இருக்கிறது, நாளாந்தம் இப்படிக் குடித்தால் சிலருடைய ஈரலுக்கு ஆகாது என்றார். "இதாலதான் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலா. முதல்ல நிப்பாட்டுங்க. ஒரு மாசத்தால திரும்பப் பாப்பம்."

நிறுத்தினேன். அடுத்த மாதச் சோதனையில் ஈரல் தேறியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் மகளிடம் சொல்லவில்லை. ஆறு மாதக் கர்ப்பிணி, மனம் நோவாள் என்று நினைத்தேன். என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்ள வெட்கமும்தான். வெள்ளிக்கிழமைகளில் அவள் வீடியோவில் அழைப்பாள். "குடிக்கிறீங்களா உம்மா?" என்பாள். "ஓம் மகள், நல்ல சுகம்" என்பேன். வாய் கூசவில்லை.

போன வெள்ளி அவள் கையில் ஒரு கிளாஸ் இருந்தது. உள்ளே பழுப்பு நிறத் தண்ணீர்.

"எனக்கும் சீனி கூடியிருக்காம் உம்மா. உங்களுக்குச் சரிவந்த எண்டபடியா நானும் ரெண்டு கிழமையாக் குடிக்கிறன்."



"அதக் கீழ வை மகள்."

"என்னத்த?"

"கிளாச. நான் பொய் சொன்னனான். எனக்கு அது ஒத்துவரல்ல, ஈரல் பழுதாகப் பாத்த. நான் நிப்பாட்டி ரெண்டு மாசம். நாளைக்கே உன்ட டொக்டர்ட்டச் சொல்லு."

அவள் கோபப்படவில்லை. "இதையா உம்மா எனக்கு மறைச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்கு அவள் வீட்டுக் கூரை மட்டும்தான் தெரிந்தது. எதையோ தொட்டியில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அழைப்பை வெட்டாமல், அவள் திரும்பி வரட்டும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.